ஏடாஸ் காரா, ஆக்டிங் டிரைவரா, நாலு வருஷம் பொறுப்பதா?

திருவொற்றியூரில் இருக்கும் என் மச்சான் வீட்டில் மூன்று மாதமாகக் கார் பேச்சுதான். மச்சானுக்கு வேலை ஆந்திர எல்லையைத் தாண்டி இருக்கும் ஸ்ரீ சிட்டி தொழில்பேட்டையில். வாரத்தில் நான்கு நாள் மணலி வழியாக மாதவரம் போய், செங்குன்றம், நல்லூர் சுங்கச்சாவடி, கும்மிடிப்பூண்டி, தடா என்று ஒரு வழிக்கு அறுபது சொச்சம் கிலோமீட்டர். மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது 68. வீட்டிலிருக்கும் பழைய சின்ன காரை இன்னமும் தானே ஓட்டுகிறார். இருட்டிவிட்டால் மட்டும் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்கிறார். மச்சானின் பையன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். "இப்ப எதுக்கு மாமா வாங்கணும்? நாலு வருஷம் பொறுத்தா காரே தானா ஓட்டும்" என்பது அவன் கட்சி.

ஆக, மேசையில் இருந்தவை நான்கு. தானாக பிரேக் போடுவது, ஸ்டியரிங்கைத் திருத்துவது என்று ஓட்டுநருக்கு உதவும் ஏடாஸ் (ADAS) வசதியோடு டாப் வேரியன்ட் வாங்குவது. அதே காரின் நடு வேரியன்ட்டை ஏடாஸ் இல்லாமல் வாங்குவது. பழைய காரையே வைத்துக்கொண்டு தேவைப்படும்போது ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுவது. அல்லது பையன் சொல்வதுபோலப் பொறுப்பது. வீட்டில் கொஞ்சம் படித்துப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் நான் என்று பெயர் எடுத்துவிட்டதால், பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

பொறுக்கும் கட்சியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பையன் சொல்வதில் பாதி உண்மை. 2004-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு மொஹாவி பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்கு ஒரு போட்டி வைத்தது. ஒரு வண்டிகூட முடிக்கவில்லை. அதிகமாக ஓடிய வண்டியே 12 கிலோமீட்டரைத் தொடவில்லை. அடுத்த வருஷமே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி' சுமார் 212 கிலோமீட்டரை ஓடி முடித்து 20 லட்சம் டாலர் பரிசை வாங்கியது. 2009-ல் கூகுள் தொடங்கிய வேலைதான் இன்றைய வேமோ. ஃபீனிக்ஸ் நகரத்தில் 2020 அக்டோபரிலிருந்து, முன் இருக்கையில் ஆளே இல்லாத டாக்ஸியில் பொதுமக்கள் ஏறி இறங்குகிறார்கள். பிறகு சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், ஆஸ்டின், அட்லாண்டா. 2025 மே மாதத்துக்குள் காசு கொடுத்துப் போன பயணங்கள் மட்டும் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. சீனாவின் வுஹானில் பைடு நிறுவனம் இதே மாதிரி டாக்ஸி ஓட்டுகிறது. 'இதெல்லாம் நடக்காத காரியம்' என்று தள்ளிவிட முடியாது.

மீதிப் பாதிதான் சிக்கல். இவை கடையில் வாங்கும் கார்கள் அல்ல. தானாக ஓடும் திறனைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை நிலை நிலையாகப் பிரிக்கிறார்கள். ஒன்றில் வேகமோ ஸ்டியரிங்கோ, ஏதாவது ஒன்றைக் கார் பார்த்துக்கொள்ளும். இரண்டில் இரண்டையும் பார்த்துக்கொள்ளும், ஆனால் நம் கண் சாலையை விட்டு நகரக் கூடாது. மூன்றில் கண்ணை எடுக்கலாம், கூப்பிட்டால் உடனே திரும்ப வேண்டும். மெர்சிடிஸ் இதற்கு 2021 கடைசியில் ஜெர்மனியில் அனுமதி வாங்கியது, அதுவும் நெடுஞ்சாலையில், மணிக்கு 60 கிலோமீட்டர் வரைதான். நான்கில் ஆளே வேண்டாம், ஆனால் குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும். வேமோ இந்த நான்காம் படியில் நிற்கிறது. எந்த ஊர், எந்தச் சாலை என்றாலும் ஓடும் ஐந்தாம் நிலை இதுவரை யாரிடமும் இல்லை.

வேமோவின் எல்லை என்பது சும்மா இல்லை. ஓடப்போகும் தெருக்களை முன்கூட்டியே அங்குலம் அங்குலமாக வரைபடம் எடுக்கிறார்கள். கூரையிலும் பக்கங்களிலும் கேமரா, ரேடார், லேசர் ஒளி அனுப்பித் தூரம் அளக்கும் லைடார் என்று ஒரு பட்டாளமே உட்கார்ந்திருக்கிறது. குழம்பினால் கேட்டுக்கொள்ள எங்கோ ஓர் அறையில் மனிதர்கள் இருக்கிறார்கள். இதைச் சொன்னபோது மாமனார் சிரித்தார். "கிரேன்ல மேல உக்காந்தா கப்பலோட அடித்தட்டு தெரியாதுப்பா. கீழ ஒரு சிக்னல்மேன் நின்னு கை காட்டுவான். அவன் இல்லாம லோடு தூக்க மாட்டோம். அதே கதைதானே?" ஏறக்குறைய அதே கதைதான்.

சறுக்கல்களையும் பையனுக்குச் சொன்னேன். 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பே நகரில் உபரின் சோதனைக் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. அவரைப் பார்க்காமல் இல்லை. இன்ன பொருள், வண்டி, சைக்கிள் என்று மாற்றி மாற்றி யூகித்துக்கொண்டே இருந்தது. சாலையை நடுவில் கடப்பவர்கள் இருப்பார்கள் என்பதே அதன் கணக்கில் சரியாக இல்லை. நம் எண்ணூர் நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள்! 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு காரில் அடிபட்டு வந்து விழுந்த பெண்ணை குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லா டாக்ஸி மோதி, ஓரம் கட்டுகிறேன் என்று இருபது அடி இழுத்துச் சென்றது. அந்த மாதமே உரிமம் போயிற்று. 2024 டிசம்பரில் குரூஸின் முதலாளியான ஜெனரல் மோட்டார்ஸ் ஆளில்லா டாக்ஸித் தொழிலுக்குப் பணம் போடுவதையே நிறுத்தியது. 2025 டிசம்பரில் அதே ஊரில் பெரிய மின்வெட்டு. சிக்னல்கள் அணைந்ததும் வேமோ கார்கள் பல சந்திப்புகளில் அப்படியே நின்றுவிட, சேவையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். சிக்னல் எரியாத மூலக்கடையில் நம் ஆட்கள் நிற்பதாவது!

டெஸ்லா கதை வேறு ரகம். 2019-ல் எலான் மஸ்க், அடுத்த வருஷம் பத்து லட்சம் ரோபோ டாக்ஸிகள் சாலையில் இருக்கும் என்றார். 2025 ஜூனில் ஆஸ்டினில் சேவை தொடங்கியபோது சில கார்கள்தான், அவற்றிலும் பக்கத்து இருக்கையில் கண்காணிக்க ஒரு ஆள். இந்தியாவில் 2025 ஜூலையில் மாடல் ஒய் விற்க வந்தபோது, முழுத் தானோட்ட வசதி என்று 6 லட்சம் ரூபாய்க்குத் தனியாக ஒன்றைப் பட்டியலில் போட்டிருந்தார்கள். நானாக இருந்தால் அந்த ஆறு லட்சத்தில் பழைய கார் ஒன்று வாங்கி, மீதிக்கு டிரைவர் சம்பளமும் கொடுப்பேன்.

நம் நாட்டுக்கு வருவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, டிரைவர்களின் வேலை போகும் என்ற காரணத்தைச் சொல்லி, ஆளில்லா கார்களை இந்தியாவுக்குள் விட மாட்டேன் என்று 2017-லும் 2023-லும் பேசியிருக்கிறார். அரசியலை விடுங்கள், சாலையே விடாது. காருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்க ஜெர்மன் நகரத் தெருக்களின் படங்களைத்தான் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்திவந்தார்கள். ஹைதராபாத் ஐஐஐடி 2018-ல் இந்தியச் சாலைகளுக்கென்று ஒரு படத் தொகுப்பை வெளியிட்டது. பத்தாயிரம் படங்கள், ஹைதராபாத், பெங்களூர் பக்கத்துச் சாலைகள், 34 வகைப் பொருட்கள். ஆட்டோவுக்குத் தனி வகை உண்டு. சாலையை ஒட்டிய, தேவைப்பட்டால் இறங்கி ஓட்டக்கூடிய மண் ஓரத்துக்கும் தனி வகை உண்டு. எந்தப் பெயரிலும் அடங்காத வண்டிகளைப் போட 'மற்றவை' மாதிரி ஒரு கூடை வைத்திருக்கிறார்கள். மோட்டார் வைத்த மூன்று சக்கரக் காசிமேட்டு மீன்பாடி வண்டி அந்தக் கூடையில்தான் விழும்.

பையனுக்கு ஆறுதலாக ஒன்று சொன்னேன். ஆளில்லா வண்டி நம் பக்கம் வரத்தான் போகிறது, தண்டவாளத்தின் மேல். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ரயில்கள் டிரைவர் இல்லாமல் ஓடும்படி செய்யப்பட்டவை, மாதவரத்திலிருந்தே இரண்டு தடங்கள் புறப்படுகின்றன. டெல்லியில் 2020 டிசம்பரிலேயே அப்படி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். ரயிலுக்கு அது சாத்தியமாவதன் காரணம் எளிது: குறுக்கே யாரும் வர மாட்டார்கள், பக்கவாட்டில் யாரும் நுழைய மாட்டார்கள். மச்சானின் ஸ்ரீ சிட்டி ஓட்டத்துக்கு நாலு வருஷம் பொறுப்பது என்பது நாலு வருஷம் கார் இல்லாமல் இருப்பதற்குச் சமம். அந்தக் கட்சி தோற்றது.

அப்புறம் ஏடாஸ், அதாவது மேலே சொன்ன இரண்டாம் நிலை வரைக்குமான உதவி. 2021-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி700 வந்தபோது இது பெரிய வண்டிக்காரர்கள் சமாச்சாரம். 2024 டிசம்பரில் வந்த புது ஹோண்டா அமேஸில், அறிமுக ஷோரூம் விலை பத்து லட்சத்துக்குள்ளேயே கேமரா வைத்த ஏடாஸ் கிடைத்தது. 2025-ல் விக்டோரிஸ் மூலம் மாருதியும் சேர்ந்துகொண்டது. மச்சான் பார்த்த காரில், நடு வேரியன்ட்டுக்கும் ஏடாஸ் வேரியன்ட்டுக்கும் ஆன்ரோடு விலையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அதில் சன்ரூஃப், தோல் சீட், பெரிய திரை எல்லாம் கலந்திருக்கிறது. ஏடாஸ் மட்டும் தனியாகக் கொடுங்கள் என்றால் கொடுக்க மாட்டார்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு நானும் போனேன். ஷோரூம்காரர்கள் வழக்கமாகக் காலியான சாலையில் கூட்டிப்போய் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டுவார்கள். நாங்கள் அடம்பிடித்து எங்கள் பக்கத்து டோல்கேட் பகுதியிலிருந்து மணலி ரோடு வரைக்கும், அப்புறம் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலும் ஓட்டினோம். இரண்டும் இரண்டு வேறு கார்கள் மாதிரி இருந்தன.

டோல்கேட் பக்கம் கார் ஓயாமல் கத்தியது. முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு ஓடும் குரூஸ் கன்ட்ரோலைப் போட்டால், விட்ட இடைவெளியில் ஷேர் ஆட்டோ நுழைகிறது. கார் வேகத்தைக் குறைத்து அதற்கும் இடைவெளி விடுகிறது. அங்கே பைக் நுழைகிறது. கார் மறுபடி குறைக்கிறது. இப்படியே போனால் எங்கள் கார் பின்னோக்கித்தான் போகும் போலிருந்தது. கோடு இருந்தால்தானே கோட்டுக்குள் நிறுத்தும் வசதி வேலை செய்யும்? கன்டெய்னர் டிரெய்லர்கள் தேய்த்த சாலையில் கோடு எங்கே? மணலி ரோட்டில் ஒரு மீன்பாடி வண்டி, பின்னால் ஆறடிக்கு நீண்ட கட்டுமானக் கம்பி, நுனியில் ஒரு சிவப்புத் துணி. "தம்பி, அந்தக் கம்பி இதுக்குத் தெரியுமா?" என்றேன். விற்பனைப் பையன் நல்லவன், பொய் சொல்லவில்லை. "மேனுவல் பாத்துச் சொல்றேன் சார்" என்றான்.

வெளிவட்டச் சாலையில் அதே கார் தங்கமாக நடந்துகொண்டது. முன்னால் போன லாரி குறைத்தால் குறைத்தது, விலகினால் பழைய வேகத்துக்கு வந்தது. கோட்டைத் தொட்டால் ஸ்டியரிங்கை மெல்ல இழுத்தது. இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவனுக்கு இது எவ்வளவு இதம் என்று மச்சான் முகத்திலேயே தெரிந்தது. எனக்குப் பயம் வந்ததும் அங்கேதான். இதமாக இருந்தால் கண் அசரும்.

இந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் போட்டு நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஹெச்எஸ், விபத்துக் கணக்குகளை வைத்து இதை நெடுநாளாகப் பார்த்துவருகிறது. முன்மோதல் எச்சரிக்கையோடு தானாக பிரேக் போடும் வசதி உள்ள கார்களில், முன்னால் போகும் வண்டியின் பின்புறம் இடிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் வேகத்தையும் ஸ்டியரிங்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் வசதியால் விபத்து குறைந்ததற்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்று 2024-ல் சொன்னார்கள். அதே வருஷம், ஓட்டுபவர் கவனமாக இருக்கிறாரா என்று இந்த அமைப்புகள் எப்படிக் கண்காணிக்கின்றன என 14 அமைப்புகளைச் சோதித்தார்கள். 11-க்கு 'மோசம்' என்று மதிப்பெண். நான் மச்சானிடம் சொன்னது இதுதான்: நீ காசு கொடுப்பது பிரேக்குக்கு, ஸ்டியரிங்குக்கு இல்லை. ஷோரூமில் காட்டும் வித்தை ஸ்டியரிங், உயிரைக் காப்பது பிரேக்.

அந்த பிரேக்குக்கும் எல்லை உண்டு. ரேடாருக்குப் பாலத்தின் சுவரும் வழிகாட்டிப் பலகையும் சாக்கடை மூடியும் எல்லாமே எதிரொலிதான். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் கார் நகராது. அதனால் வேகமாகப் போகும்போது நின்றுகொண்டிருக்கும் பொருளிலிருந்து வரும் எதிரொலியைப் பல அமைப்புகள் ஒதுக்கிவிடும், அல்லது கேமராவும் 'ஆமாம், வண்டிதான்' என்று சொல்லக் காத்திருக்கும். கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். 2019-ல் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் சோதித்தபோது, நடந்துபோகிறவருக்காக நிற்க வேண்டிய பிரேக் இரவில் கிட்டத்தட்டப் பயனற்றுப்போனது. இப்போது வருபவை தேறியிருக்கின்றன, ஆனாலும் செங்குன்றம் தாண்டி, பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் பாதி சாலைக்குள் நிற்கும் டிரெய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் பொருள், இருட்டு, வேகம் மூன்றும் ஒன்றாக வருகிற இடம் அது. அங்கே நம்ப வேண்டியது ஹெட்லைட்டையும் சொந்தக் கண்ணையும்தான்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. கார் சடாரென்று நின்றால் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பைக்காரன் என்ன ஆவான்? 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 44 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள். பிரேக் வசதியை அணைத்து வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் நெரிசலில் அது பதறிப்போய்ப் பாதி பிரேக் போடுவதை டெஸ்ட் டிரைவிலேயே ஒருமுறை பார்த்தோம். எச்சரிக்கையின் தூரத்தைக் குறைத்து வைக்கலாம், பல கார்களில் அந்த வசதி இருக்கிறது.

செலவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரேடார் முன் பம்பர் பக்கம் இருக்கும், கேமரா கண்ணாடியின் மேல்பக்கம் ஒட்டியிருக்கும். நம் தெருவில் பம்பர் அடிபடாத காரைக் காட்டுங்கள் பார்ப்போம். பம்பர் மாற்றினாலும் கண்ணாடி மாற்றினாலும் அவற்றைத் திரும்ப அளந்து பொருத்த வேண்டும், அதை மூலக்கொத்தளம் மெக்கானிக் செய்ய முடியாது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது தேய்மானம் கழிக்காத பாலிசியாகப் பார்த்து எடுப்பது நல்லது.

புக் பண்ணும் முன் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்விகளை மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கேமரா மட்டுமா, ரேடாரும் உண்டா? பிரேக் எத்தனை கிலோமீட்டர் வேகம் வரை வேலை செய்யும், பைக்கையும் ஆளையும் அடையாளம் காணுமா? ஸ்டியரிங் உதவியை மட்டும் தனியாக அணைக்க முடியுமா, வண்டியை அணைத்துப் போட்டால் அது திரும்ப உயிர் பெற்றுவிடுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, காரின் மேனுவலை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்கி ஏடாஸ் பகுதியைப் படி என்றேன். மழை, மூடுபனி, எதிர்வெயில், சேறு, கால்நடை, வழக்கத்துக்கு மாறான வண்டி என்று எங்கெல்லாம் வேலை செய்யாது என்பதை அவர்களே பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். 'லெவல் 2' என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டது மேனுவலில் 'பொறுப்பு ஓட்டுநருடையது' என்று சின்னதாக முடியும்.

நடு வேரியன்ட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆறு ஏர்பேக், வழுக்கும் சாலையில் வண்டி நிலை தடுமாறாமல் பிடிக்கும் ஈஎஸ்சி, பாரத் என்கேப் மோதல் சோதனையில் நல்ல நட்சத்திரம், நல்ல ஹெட்லைட். இவை இருந்தால் ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு ஏடாஸ் இல்லாதது ஒரு குறையே இல்லை. தண்டையார்பேட்டை, ராயபுரம், பாரிமுனை, ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் என்று சுற்றும் என் மாதிரி ஆளுக்கு இதுதான் சரி. மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை எந்த கேமராவும் சொல்லப்போவதில்லை. முன்னால் இறங்கி நிற்கும் பையன்கள்தான் சொல்வார்கள்.

மாமனார் விஷயம் தனி. கார் மாற்றிக் கொடுத்தால் அவருடைய இரவுக் கண் சரியாகிவிடாது. ஏடாஸ் இருக்கிறதே என்று இரவில் எடுக்க ஆரம்பித்தால் இன்னும் மோசம். எங்கள் பக்கம் ஆக்டிங் டிரைவர் எட்டு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே கேட்கிறார். மாதத்தில் மூன்று நான்கு இரவு கல்யாணம், காரியம் என்று போனாலும், வேரியன்ட் வித்தியாசமாகக் கொடுக்கும் பணத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் ஓட்டலாம். டிரைவருக்கு மீன்பாடி வண்டியும் தெரியும், கம்பியும் தெரியும், எதிரே தவறான பக்கத்தில் வருகிறவன் எந்தப் பக்கம் ஒடிப்பான் என்பதும் தெரியும். வராமல் கைவிடும் நாளும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நல்ல நாளில் எல்லாரும் பிஸி. இரண்டு பேர் நம்பராவது வைத்திருக்க வேண்டும். பகலில் பாரிமுனை போக விம்கோ நகரிலிருந்து மெட்ரோ இருக்கிறது.

கடைசியில் மச்சான் ரேடாரும் கேமராவும் உள்ள டாப் வேரியன்ட்டை புக் பண்ணினான். அவன் ஓட்டத்தில் ஐம்பது கிலோமீட்டர் கோடு போட்ட நெடுஞ்சாலை, பத்துப் பன்னிரண்டுதான் நம் ஊர் சாலை. கணக்கு தலைகீழாக இருந்திருந்தால் நானே தடுத்திருப்பேன். மாதவரம் ரவுண்டானா வரைக்கும் குரூஸையும் ஸ்டியரிங் உதவியையும் தொட மாட்டேன், பிரேக்கை மட்டும் அணைக்க மாட்டேன் என்று அக்கா மேல், அதாவது என் மனைவி மேல், சத்தியம் செய்திருக்கிறான். மாமனார் பழைய காரைப் பகலில் ஓட்டுவார், ஆறு மணிக்கு மேல் சாவி மாமியாரிடம். பையன் மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறான். மேனுவலைப் படித்துச் சுருக்கிச் சொல்லும் வேலையை அவனிடம் கொடுத்திருக்கிறோம். இதுவரை அறுபது பக்கம் முடித்திருக்கிறான். கம்பியைப் பற்றி ஒரு வரியும் இல்லையாம்.